க்ருஷினியானி: போலந்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பள்ளிவாசல் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ருஷினியானி பற்றி எப்போது பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போலந்தில் படிப்பவர்கள், சுற்றுலாவுக்குத் திட்டம் போடுபவர்கள், வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் என்று பலரும் கேட்டதை, கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த ஊர் எங்கே இருக்கு? வரைபடத்துல தேடினாலும் சட்டுனு கண்ணுல படலையே?

போலந்தின் வடகிழக்கில், போட்லாஸ்கி மாகாணத்தில், க்ரின்கி என்ற சிற்றூருக்குத் தெற்கே இருக்கிறது. மாகாணத் தலைநகரான பியாவிஸ்தோக்கிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் பெலாரஸ் எல்லை வந்துவிடும்.

மேற்கே க்னிஷின் பெருங்காடு. ஊரைச் சுற்றி வயல், புல்வெளி, சின்னச் சின்ன மேடுகள். பனியுகத்தில் பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்ட மண் இது. அதனால் ஏர் போகும் இடமெல்லாம் உருண்டைக் கற்கள் கிடைக்கும். இந்தக் கற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மையவாடி (முஸ்லிம்களின் அடக்கத்தலம்) பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

எவ்வளவு பெரிய ஊர்?

ரொம்பச் சின்னது. 200 பேர்கூட இல்லை. ஒரே ஒரு பிரதான தெரு, அதன் இருபக்கமும் பெரும்பாலும் மரவீடுகள், வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதற்குப் பின்னால் வயல். தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே பச்சை வண்ணம் பூசிய பள்ளிவாசல். அதற்கும் பின்னால் மரம் அடர்ந்த மேட்டில் மையவாடி. நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

போலந்து கத்தோலிக்க நாடாச்சே, அங்க எப்படிப் பள்ளிவாசல்?

தாத்தார் மக்களால். இவர்களின் முன்னோர் பொன் நாடோடிப் படை எனப்படும் மங்கோலியப் பேரரசின் மேற்குக் கிளையைச் சேர்ந்தவர்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பேரரசுக்குள் பதவிச் சண்டை முற்றியது. தோற்ற தரப்பைச் சேர்ந்த பலர் லித்துவேனியப் பெருங்கோமகன் விட்டோல்டிடம் அடைக்கலம் புகுந்தார்கள். அவர் நிலம் கொடுத்தார், பதிலுக்கு இவர்கள் குதிரைப்படையாகப் போருக்குப் போனார்கள். 1410இல் டியூட்டானிய வீரத் துறவியருக்கு எதிராக நடந்த க்ருன்வால்ட் போரிலேயே தாத்தார் குதிரை வீரர்கள் போலந்து-லித்துவேனியா பக்கம் நின்றிருக்கிறார்கள்.

ஆக, ஐரோப்பாவில் இஸ்லாம் என்றதும் பலர் நினைக்கும் கடந்த 50, 60 ஆண்டுக் குடியேற்றத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. 600 ஆண்டுகளுக்கு மேலாக அந்த மண்ணில் இருப்பவர்கள். இதை முதலிலேயே மனதில் பதிய வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துவிடும்.

சரி, இந்தக் குறிப்பிட்ட ஊருக்கு எப்ப வந்தாங்க? ஏன் வந்தாங்க?

1679இல். அன்றைய மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி கொடுத்த நிலம் இது. ஆனால் இது பெருந்தன்மையால் வந்த பரிசு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னணியில் ஒரு கசப்பான கதை இருக்கிறது.

தாத்தார் படைகளுக்குப் பல ஆண்டுச் சம்பளம் பாக்கி. அதோடு அவர்களுடைய பழைய உரிமைகளும் மதச் சுதந்திரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கப்பட்டு வந்தன. பொறுத்துப் பார்த்தவர்கள் 1672இல், ஒட்டோமான் துருக்கியருடன் போர் மூண்ட நேரத்தில், அந்தப் பக்கமே தாவிவிட்டார்கள். தன்னுடைய நல்ல குதிரைப்படையில் ஒரு பகுதி எதிரியிடம் போய்விட்டதே என்று போலந்துக்குப் பேரதிர்ச்சி. போனவர்களுக்கும் ஒட்டோமான் ஆட்சி ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளில் பலர் திரும்பி வந்தார்கள், மன்னரும் மன்னித்தார். கஜானாவில் பணம் இல்லாததால், பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக அரசுக்குச் சொந்தமான கிராமங்களைப் பங்கு போட்டுக் கொடுத்தார். படைத்தலைவர் சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கிக்கும் அவருடைய வீரர்களுக்கும் க்ருஷினியானியும் பக்கத்து நிலங்களும் கிடைத்தன. போஹோனிகி போன்ற வேறு சில ஊர்கள் மற்ற வீரர்களுக்குப் போயின.

போர்க்களத்துல மன்னர் உயிரைக் காப்பாத்தினதுக்குத்தான் ஊரைக் கொடுத்தாருன்னு படிச்சேனே?

அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள், ஆண்டுகள்தான் ஒத்துவரவில்லை. க்ஷெச்சோவ்ஸ்கி மன்னரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் பார்கானி போர் நடந்தது 1683 அக்டோபரில். இன்றைய ஸ்லோவாக்கியாவில், டான்யூப் ஆற்றங்கரையில் நடந்தது. முதல் நாள் சண்டையில் போலந்துப் படை சிதறி, மன்னரே மயிரிழையில் தப்பினார் என்பது உண்மை. இரண்டு நாள் கழித்து அவரே வென்றார். ஆனால் க்ருஷினியானி கைமாறியது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே. எனவே காப்பாற்றியதற்காக ஊர் கிடைத்தது என்பது நடக்க வாய்ப்பில்லாதது.

1688இல் க்ரோத்னோ நகரில் கூடிய நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் மன்னர் இந்த ஊரில் தங்கி, பழைய படைத்தலைவரின் வீட்டில் விருந்து சாப்பிட்டார் என்பது ஊர்க்காரர்கள் விரும்பிச் சொல்லும் இன்னொரு கதை. எனக்கு இவற்றைவிடச் சம்பளப் பாக்கிக் கதைதான் முக்கியமாகப் படுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கிய மனிதர்கள் அதில் தெரிகிறார்கள்.

1683ன்னா வியன்னா முற்றுகை. அதுல ரெண்டு பக்கமும் தாத்தார் இருந்தாங்களா?

இருந்தார்கள். வியன்னாவை முற்றுகையிட்ட ஒட்டோமான் படையோடு கிரிமியா கானின் தாத்தார் குதிரைப்படை வந்திருந்தது. முற்றுகையை முறியடிக்க வந்து வென்ற சோபியெஸ்கியின் படையில் மேலே சொன்ன போலந்து-லித்துவேனியத் தாத்தார்கள். தோற்றமும் உடையும் ஒரே மாதிரி இருந்ததால் தன் ஆட்களே தவறி வெட்டிவிடக் கூடாது என்று, மன்னர் பக்கம் நின்றவர்கள் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொண்டார்கள் என்பது போலந்தில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

இந்தப் போரை இரண்டு மதங்களின் மோதல் என்று மட்டும் பேசுகிறவர்களிடம் நான் க்ருஷினியானியைத்தான் எடுத்துக்காட்டுவேன். அந்த வெற்றியில் பங்கெடுத்த சில முஸ்லிம்கள் ஊர் திரும்பித் தொழுகைக்குப் போன இடம் இது.

பள்ளிவாசல் எவ்வளவு பழசு?

இப்போது நிற்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. அதற்கு முன்பே அந்த ஊரில் தொழுகை இடம் இருந்தது. போலந்தில் இன்று நிற்கும் பள்ளிவாசல்களில் இதுதான் மிகப் பழையது. முழுக்கப் பைன் மரம். 2012இல் இதையும் மையவாடியையும், போஹோனிகியில் உள்ளவற்றோடு சேர்த்து, வரலாற்று நினைவுச்சின்னமாகப் போலந்துக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். அந்த நாட்டில் ஒரு கட்டடத்துக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பாதுகாப்புத் தகுதி அது.

படத்துல பார்த்தா சர்ச் மாதிரியே இருக்கே?

தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முகப்பில் இரண்டு சதுரக் கோபுரங்கள், மேலே குமிழ் போன்ற தொப்பி. அந்த வட்டாரத்தின் மரத் தேவாலயங்களும் இதே வடிவம்தான். காரணம் எளிது. கட்டியவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். தேவாலயம் கட்டிப் பழகிய கை, கையில் இருந்தது பைன் மரம், தெரிந்த அளவும் இணைப்பும் அவைதான். கோபுர உச்சியில் பிறை இருப்பதைப் பார்த்தால்தான் எது என்று புரியும்.

உள்ளே போனால் சந்தேகமே வராது. வண்ணம் பூசாத பைன் பலகைச் சுவர், தரை முழுக்க விரிப்பு, மெக்கா இருக்கும் தெற்குத் திசையில் மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்), அதன் பக்கத்தில் மிம்பர் (உரை மேடை). ஆண்கள் தொழும் பெரிய அறையும் பெண்கள் தொழும் சின்ன அறையும் ஒரு சுவரால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவரில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதற்கு மெல்லிய திரை. இமாமின் குரல் அது வழியாக அந்தப் பக்கம் போகும். சுவர்களில் சட்டமிட்ட திருவசனங்களும் கஅபாவின் படங்களும் வரிசையாகத் தொங்கும். முஹிர் என்று அவற்றைச் சொல்கிறார்கள். சில துணியில் தைத்தவை, சில வரைந்தவை. வீடுகளிலும் இதே முஹிர்களை மாட்டி வைக்கும் வழக்கம் உண்டு.

எல்லாரும் உள்ளே போகலாமா?

போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டும், அடக்கமான உடை வேண்டும், தொழுகை நேரத்தில் பார்வையாளர்கள் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் உள்ளூர்த் தாத்தார் ஒருவரே உட்கார வைத்து வரலாறு சொல்வார். விரிப்பில் உட்கார்ந்து அதை முழுதாகக் கேளுங்கள். படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறவர்கள் பாதிக்குமேல் தவறவிடுகிறார்கள்.

மையவாடியில என்ன விசேஷம்?

என்னைக் கேட்டால், க்ருஷினியானியின் உண்மையான ஆவணக் காப்பகம் அதுதான். பள்ளிவாசலுக்குப் பின்னால் சற்று நடந்தால் கல்மதில், உள்ளே பைன் மரங்களுக்கு அடியில் கபுறுகள் (கல்லறைகள்). தலைமாட்டில் ஒரு பெரிய கல், கால்மாட்டில் ஒரு சின்னக் கல். மீசான் கற்கள் எனப்படும் இந்தக் கற்களில் பழையவை எல்லாம் முதல் பதிலில் சொன்ன அதே வயல் கற்கள். செதுக்கி வடிவாக்காமல், ஒரு முகத்தை மட்டும் மட்டமாக்கி எழுதியிருக்கிறார்கள். பாசி படிந்துவிட்டதால் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் எழுத்து தெரியும். ஆண்டு படிக்க முடிகிற கற்களில் மிகப் பழையது 1699ஐச் சேர்ந்தது. நிலம் கிடைத்து இருபதே ஆண்டில்.

கற்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஆட்சி மாறியதும் தெரியும். மேலே அரபியில் கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை வாசகம்). கீழே பெயர் ஒரு காலத்தில் போலிஷ் மொழியில், இன்னொரு காலத்தில் ரஷ்ய எழுத்தில், மறுபடியும் போலிஷில். 1795இல் போலந்து கடைசியாகப் பங்கு போடப்பட்டபோது இந்தப் பகுதி பிரஷ்யாவிடம் போனது, 1807இல் ரஷ்யாவிடம். தாத்தார்களின் தொழில் படைவேலை என்பதால் பலர் ஜார் மன்னரின் ராணுவத்தில் அதிகாரிகளானார்கள். அந்தப் பதவிகளும் கல்லில் இருக்கின்றன. இங்கே இன்றும் நல்லடக்கம் நடக்கிறது. வெளியூரில் வாழ்கிறவர்கள்கூட இங்கே வந்து அடங்க விரும்புகிறார்கள்.

அவங்க வீட்டுல தாத்தார் மொழி பேசுறாங்களா?

இல்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளிலேயே அந்த மொழி கைவிட்டுப் போய்விட்டது. சிதறி வாழ்ந்தார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள், பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள். பெலாருசியனும் போலிஷும் வீட்டு மொழியாயின. மதம் நின்றது, மொழி போனது.

ஆனால் அரபி எழுத்தை விடவில்லை. கிதாப் என்ற கையெழுத்து நூல்களில் துஆக்கள் (பிரார்த்தனைகள்), நபிமார் கதைகள், சடங்கு விளக்கங்கள் எல்லாவற்றையும் பெலாருசியனிலும் போலிஷிலும் அரபி எழுத்தால் எழுதி வைத்தார்கள். அரபியில் இல்லாத ஸ்லாவிய ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்துப் புதிய எழுத்துகளை உருவாக்கிக்கொண்டார்கள். எழுதியவர்கள் காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதியதால், அக்காலப் பேச்சு எப்படி இருந்தது என்று அறிய மொழியியலாளர்கள் இன்று இந்த நூல்களைத் தேடிப் போகிறார்கள்.

அப்போ இது முஸ்லிம் கிராமமா?

இன்று அப்படிச் சொல்ல முடியாது. ஊரில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், பெலாருசிய வேர் உள்ளவர்கள். அவர்களுக்குப் புனித அன்னாள் தேவாலயம் இருக்கிறது. நிரந்தரமாகத் தங்கியிருக்கும் தாத்தார் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெருநாள் வந்தால்தான் பியாவிஸ்தோக்கிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்து பள்ளிவாசல் நிறையும். தொழுகை முடிந்ததும் இனிப்பும் பலகாரமும் பங்கிடுவார்கள், சதோகா என்று அதற்குப் பெயர். நல்லடக்கத்திலும் அதே பங்கீடு உண்டு.

ஏன் இவ்வளவு குறைஞ்சுட்டாங்க?

ஒரே காரணம் இல்லை. நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக் கட்டுப்படியாகாமல் போனது, படித்தவர்கள் நகரத்துக்குப் போனார்கள். பெரிய அடி 1945. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட போலந்தில் தாத்தார்களின் நிலை நன்றாகவே இருந்தது. 1925இல் முஸ்லிம் மதச் சங்கம் உருவானது, 1936இல் அதற்குச் சட்ட அங்கீகாரம். ராணுவத்தில் 13ஆவது வில்னோ குதிரைப்படைக்குள் தனித் தாத்தார் பிரிவே இருந்தது, 1939 செப்டம்பரில் அது ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டது.

போர் முடிந்து எல்லை மேற்கே நகர்த்தப்பட்டபோது, வில்னோ, நோவோக்ரூதெக் வட்டாரத்துப் பள்ளிவாசல்கள் எல்லாம் சோவியத் பக்கம் போய்விட்டன. பழைய பள்ளிவாசல்களில் போலந்துக்குள் மிஞ்சியவை க்ருஷினியானியும் போஹோனிகியும் மட்டுமே. அந்தப் பக்கத்துத் தாத்தார்களில் பலர் போலந்தின் புது மேற்குப் பகுதிகளுக்கும் க்தான்ஸ்க் நகருக்கும் பெயர்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் தங்களைத் தாத்தார் என்று சொன்னவர்கள் நாடு முழுக்க 2,000 பேருக்கும் சற்றுக் குறைவுதான்.

அங்க போனா என்ன சாப்பிடலாம்?

பியெரெகாச்செவ்னிக். முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, அடியில் இருக்கும் மேஜை தெரிகிற அளவுக்கு மெல்லியதாக ஆறு தாள் தேய்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் கொழுப்பு தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இறைச்சித் துண்டுகளையோ இனிப்புப் பாலாடைக்கட்டியையோ பரப்பி, சுருட்டி, நத்தை ஓடு போல வளைத்து வட்டப் பாத்திரத்தில் வைத்துச் சுடுவார்கள். அறுத்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்து செய்முறையைப் பாதுகாத்திருக்கிறது.

இறைச்சி வைத்த கோவ்துனியும் எண்ணெயில் பொரித்த செபுரெக்கும் கிடைக்கும். தாத்தார் சமையலில் பன்றி இறைச்சிக்கு இடமில்லை. ஊரின் பெயர்பெற்ற தாத்தார் உணவு விடுதி 2018 வசந்தத்தில் தீப்பிடித்து எரிந்து போனது. நாடு முழுவதிலிருந்தும் மக்கள் உதவ, மறுபடியும் கட்டி எழுப்பினார்கள்.

எப்படிப் போறது? ஒரே நாள்ல முடியுமா?

வார்சாவிலிருந்து பியாவிஸ்தோக்குக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கார்தான் நல்லது, காட்டு வழியாக ஒரு மணி நேரம். பேருந்தை நம்பிப் போவது சிரமம். பியாவிஸ்தோக்கில் தங்கினால் ஒரே நாளில் தாராளமாக முடியும். வழியில் க்ரின்கியில் நில்லுங்கள். ஆறு பக்கமுள்ள நடுச்சதுக்கத்திலிருந்து பன்னிரண்டு தெருக்கள் பிரியும், போலந்தில் அபூர்வமான அமைப்பு. ஒரு காலத்தில் தோல் பதனிடும் யூதத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. அவர்களுடைய பெரிய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது.

க்ருஷினியானியா, போஹோனிகியா? ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு.

கட்டடத்துக்காக என்றால் க்ருஷினியானி. போஹோனிகி வடக்கே சொகூவ்கா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள பள்ளிவாசல் சிறியது, பிற்காலத்தது. ஆனால் மையவாடி பெரியது. கார் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

எல்லைப் பிரச்சினைனு செய்தியில வந்துச்சே, அது இந்தப் பக்கமா?

இந்தப் பக்கம்தான். 2021இல் பெலாரஸ் வழியாக ஆயிரக்கணக்கான அகதிகள் எல்லைக்கு வந்தபோது, போலந்து அரசு எல்லையோரக் கிராமங்களில் நெருக்கடிநிலை அறிவித்தது. வெளியாட்கள் நுழையத் தடை. சுற்றுலாவை நம்பியிருந்த க்ருஷினியானி வெறிச்சோடியது. 2022 கோடையில்தான் தடை நீங்கியது. அந்த ஆண்டே எல்லையில் ஐந்தரை மீட்டர் உயர இரும்பு வேலி எழுந்தது.

அந்தக் குளிரில் காட்டில் இறந்துபோன முஸ்லிம் அகதிகள் சிலரைப் போஹோனிகித் தாத்தார்கள் தங்கள் மையவாடியில் முறைப்படி நல்லடக்கம் செய்தார்கள். சொந்தக்காரர் யாரும் வர முடியாத ஜனாஸாவுக்கு ஊர்க்காரர்களே நின்று தொழுதார்கள். எல்லையில் காவல் நின்ற படைவீரர்களுக்குச் சூப் சமைத்துக் கொடுத்ததும் அதே சமூகம்தான். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இப்போது போவதாக இருந்தால், எல்லைக் கோட்டை ஒட்டிய காட்டுப் பாதைகளில் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து நடங்கள், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

அவங்களுக்கு அங்க எதிர்ப்பே கிடையாதா?

பக்கத்து வீட்டுக்காரர்களால் தொல்லை என்று பேச்சு இல்லை. கலப்புத் திருமணம், ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் போவது எல்லாம் அங்கே சகஜம். ஆனால் 2014 கோடையில் யாரோ இரவில் வந்து பள்ளிவாசல் சுவரில் பன்றிப் படம் வரைந்து, கபுறுகளையும் அசிங்கப்படுத்திவிட்டுப் போனார்கள். 2013இல் விலங்குகளை முதலில் உணர்விழக்கச் செய்யாமல் அறுப்பதற்குத் தடை வந்ததால் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி (பலி) பெரிய சர்ச்சையானது. 2014 டிசம்பரில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அந்தத் தடை மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

மறுபக்கமும் உண்டு. 2010இல் அன்றைய பிரிட்டன் இளவரசர் சார்லஸ் இந்தச் சின்னப் பள்ளிவாசலுக்கு வந்து போனார்.

எந்த மாசம் போனா நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. கோடையில் தாத்தார் விழாக்கள் நடக்கும், வில்வித்தையும் குதிரையும் பார்க்கலாம், கூட்டமும் இருக்கும். கற்களில் உள்ள எழுத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்றால் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். போலந்தின் குளிரான மூலை இது. ஜனவரியில் போனால் மையவாடியில் பாதிக் கற்கள் பனிக்கு அடியில் இருக்கும்.